செனட்டருக்கு நாள் முழுக்க என்ன வேலை? இளைய பிளினியை வைத்துப் பேசுவோம்

ஏட்டுப்புழு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ரோமப் பேரரசைப் பற்றி இங்கே பேச்சு எழும்போதெல்லாம் நீரோ, கலிகுலா என்று பேரரசர்களிடமே போய் நின்றுவிடுகிறோம். எனக்கு ரொம்ப நாளாக வேறொரு கேள்வி. கி.மு. 27-இல் அகஸ்டஸ் ஆட்சியைத் தன் கைக்குள் கொண்டுவந்த பிறகும் செனட் என்ற ஆட்சி மன்றத்தைக் கலைக்கவில்லை. சுமார் 600 பேர் அதே தோகாவை (ரோமரின் மேலங்கி) போர்த்திக்கொண்டு அதே மன்றத்தில் போய் உட்கார்ந்தார்கள். முடிவெடுப்பவர் வேறொருவர் என்று தெரிந்த பிறகு அவர்கள் அங்கே என்னதான் செய்தார்கள்?

இதற்கு இளைய பிளினியைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை. கி.பி. 61 அல்லது 62-இல் வட இத்தாலியில் கோமும் என்ற ஊரில் (இன்றைய கோமோ ஏரிக்கரை) பிறந்தவர். தாய்மாமன் மூத்த பிளினி 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தார்; உயிலில் இந்த மருமகனைத் தத்தெடுத்திருந்தார். இளையவர் வெளியிட்ட 9 தொகுதிகளில் 247 கடிதங்கள். பத்தாவது தொகுதி பேரரசர் டிராஜனோடு நடந்த கடிதப் போக்குவரத்து. சில மாதங்களாக இவற்றைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நகரத்தில் ஒரு செனட்டரின் நாள் எப்படிப் போகும் என்று ஒரு கடிதத்தில் அவரே சொல்கிறார். ஒரு வீட்டுப் பையன் பெரியவனானதற்கான சடங்கு, ஒரு நிச்சயதார்த்தம் அல்லது கல்யாணம். ஒருவர் உயிலில் சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிடுகிறார், இன்னொருவர் வழக்காட, மற்றொருவர் ஆலோசனைக்கு. அன்றன்றைக்குப் பார்த்தால் எல்லாம் அவசியமாகத் தெரிகிறது. ஊரை விட்டு ஒதுங்கி உட்கார்ந்து நினைத்தால் எத்தனை நாளை வீணடித்தோம் என்று தோன்றுகிறது என்கிறார். இதற்கும் முன்னால், பொழுது விடியும்போதே வாசலில் ஆதரவாளர்கள் காலை வணக்கம் சொல்ல வந்து நிற்பார்கள். அவர்களைப் பார்த்து, பெயர் சொல்லிப் பேசி அனுப்பிய பிறகுதான் வெளியே கிளம்பவே முடியும்.

உங்கள் கருத்துகளை எழுதுங்கள். பணம், பதவி, அடிமைகள், குடும்பம், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

---

தணிக்கையாளர் எழுதியது:

நல்ல இழை. நான் பணக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது இல்லாமல் மன்றத்துக்குள் கால் வைக்கவே முடியாது.

செனட்டர் ஆக 10 லட்சம் செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) சொத்து வேண்டும். அதற்கு அடுத்த படியான குதிரைவீரர் வகுப்புக்கு 4 லட்சம். பேரரசர் டொமிஷியன் சம்பளத்தை உயர்த்திய பிறகுகூட லெஜியன் படையின் சாதாரண வீரனுக்கு ஆண்டுக்கு 1,200 செஸ்டர்ஸ்தான். அவன் ஒரு காசும் செலவழிக்காமல் 800 ஆண்டுக்கு மேல் உழைத்தால்தான் அந்த 10 லட்சம் வரும். இது நுழைவதற்கான குறைந்தபட்சத் தொகை மட்டுமே. பதவிக்கு ஏற்ற வீடு, விருந்து, பிரீட்டராக (நீதி நிர்வாகப் பதவி) இருக்கும்போது நடத்த வேண்டிய விளையாட்டுகள் என்று அதன் பிறகு செலவு ஏறிக்கொண்டே போகும்.

வரும்படிக்கு என்ன வழி? வணிகம் செய்வது கௌரவக் குறைவு. கி.மு. 218-இலேயே செனட்டர்கள் பெரிய சரக்குக் கப்பல் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. ஆகவே நிலம், நிலம், மேலும் நிலம். பிளினியே தன் சொத்து ஏறக்குறைய முழுவதும் நிலத்தில்தான் இருக்கிறது, கொஞ்சம் வட்டிக்கும் விட்டிருக்கிறேன் என்று எழுதுகிறார். பக்கத்துப் பண்ணை ஒன்று விலைக்கு வருகிறது, ஒரு காலத்தில் 50 லட்சம் போனது இப்போது 30 லட்சத்துக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று நண்பரிடம் கேட்கும் கடிதம் இருக்கிறது. பணம் போதவில்லை என்றால் மாமியாரிடம் கேட்டு வாங்கிக்கொள்வேன் என்றும் சொல்கிறார்.

டிராஜன் ஒரு விதி கொண்டுவந்தார்: பதவிக்குப் போட்டியிடுபவர் தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை இத்தாலிய நிலத்தில் போட வேண்டும். இத்தாலியை வழிப்போக்கர் சத்திரம்போல நினைக்காமல் சொந்த மண்ணாக நினைக்க வேண்டும் என்பதற்காக. அதனால் நில விலை ஏறியதையும் பிளினி ஒரு கடிதத்தில் பதிவு செய்திருக்கிறார்.

---

வைகைக்கரை எழுதியது:

ஒரு சந்தேகம். பிளினியை உயர்குடி என்று சொல்லலாமா? அவர் குடும்பத்தில் செனட்டுக்குள் போன முதல் ஆள் அவர்தானே?

---

ஏட்டுப்புழு எழுதியது:

நல்ல கேள்வி, வைகைக்கரை. அவர் குடும்பம் சிற்றூரின் பெரிய மனிதர்கள், குதிரைவீரர் வகுப்பு. செனட்டுக்குப் புதியவர்தான். ஆனால் அன்றைய செனட்டே அப்படித்தான் இருந்தது. குடியரசுக் காலத்துப் பழைய குடும்பங்கள் உள்நாட்டுப் போரிலும், பேரரசர்களின் சந்தேகத்திலும், வாரிசு இல்லாமலும் தேய்ந்துபோயின. 16-ஆம் ஆண்டில் நடந்தது ஒன்று. சிசரோவுக்கே போட்டியாளராக இருந்த பேச்சாளர் ஹார்டென்சியஸின் பேரன், தன் நான்கு மகன்களையும் மன்ற வாசலில் நிறுத்தி, அகஸ்டஸுக்கு அடுத்த பேரரசரான டைபீரியஸிடம் உதவி கேட்டான். அகஸ்டஸ் சொன்னதால்தான் கல்யாணம் செய்து பிள்ளை பெற்றேன், இவர்களை வளர்க்கப் பணம் இல்லை என்று. டைபீரியஸ் முகம் கொடுக்கவில்லை. பிறகு பிள்ளைக்கு 2 லட்சம் தருவதாகச் சொன்னார். அந்த இடத்தை வரலாற்றாசிரியர் டாசிட்டஸில் படித்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது.

காலியான இடங்களில் இத்தாலியச் சிற்றூர்க்காரர்கள் வந்தார்கள். 48-இல் பேரரசர் கிளாடியஸ் மன்றத்தில் வாதாடி, கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுத் தலைவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார். அந்தப் பேச்சு வெண்கலத்தகட்டில் லியோன் நகரில் கிடைத்திருக்கிறது. ஆகப் பிளினி பிறப்பால் பழைய உயர்குடி அல்ல, வாழ்ந்த விதத்தால் முழு உயர்குடி.

பதவிப் படிகளையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பத்துப்பேர் கொண்ட ஒரு நீதிக்குழுவில் இடம். பிறகு சிரியாவில் ஒரு படைப்பிரிவில் ட்ரிபியூன் என்ற அதிகாரி. போரிட அல்ல, துணைப்படைகளின் கணக்கைச் சரிபார்க்க. நிறைய இடங்களில் ஊழலைப் பார்த்ததாகச் சொல்கிறார். பிறகு குவெஸ்டர் (நிதிப் பதவி), மக்கள் ட்ரிபியூன் (மக்களின் பிரதிநிதி), பிரீட்டர், இரண்டு கருவூலங்களின் பொறுப்பு, 100-இல் இரண்டு மாதம் மிக உயர்ந்த பதவியான கான்சல். பிறகு நிமித்தம் பார்க்கும் ஆகுர் குருபதவி. அது கிடைத்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. சிசரோ வகித்த பதவி, அதுவும் சிசரோவைவிட இளம் வயதிலேயே எனக்கு! அப்புறம் டைபர் ஆற்றின் கரைகளுக்கும் நகரக் கழிவுநீருக்கும் பொறுப்பாளர்.

---

கரிசல்காட்டான் எழுதியது:

நிலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசலாம். எங்கள் வீட்டில் குத்தகையும் வாரமும் (விளைச்சலில் பங்கு) கேட்டு வளர்ந்தவன் நான். பிளினியின் பண்ணைக் கடிதங்களைப் படித்தபோது அந்த மனிதர் சட்டென்று பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

குத்தகைதாரர்களின் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. தள்ளுபடி கொடுத்தும் பயனில்லை. இனி எப்படியும் கடனை அடைக்க முடியாது என்று தெரிந்தவுடன் அவர்கள் நிலத்தில் இருப்பதைப் பிடுங்கித் தின்று தீர்க்கிறார்கள், நமக்கென்று மிச்சம் வைத்து என்ன பயன் என்று. இதற்கு ஒரே வழி பணக் குத்தகையை விட்டுவிட்டு விளைச்சலில் பங்கு வாங்குவதுதான் என்று பிளினி முடிவுக்கு வருகிறார். அதற்கு நம்பகமான ஆள் போட்டு மேற்பார்வை செய்ய வேண்டும், அது தொல்லை, ஆனாலும் செய்து பார்க்கிறேன் என்கிறார். இந்த வேலைக்காகத்தான் நண்பரின் கான்சல் பதவியேற்புக்கு வர முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்கும் கடிதம் அது.

இன்னொன்று. ஒரு வருடம் திராட்சை விளைச்சலை வியாபாரிகளுக்கு முன்கூட்டியே விற்றுவிட்டார். விளைச்சலும் விலையும் அவர்கள் நினைத்தபடி வரவில்லை, வியாபாரிகளுக்கு நஷ்டம். பிளினி எல்லோருக்கும் எட்டில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தார். பெரிய தொகைக்கு வாங்கியவர்களுக்கு அதற்கும் மேல். முன்பணத்தை ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு இன்னும் கொஞ்சம். யாருக்கு எவ்வளவு என்று அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கும் முறையைப் பாருங்கள். நிலத்தை நம்பி வாழ்ந்தவன் செய்யும் வேலை அது.

---

வைகைக்கரை எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் அவரை இவ்வளவு எளிதாக விட்டுவிட நான் தயாரில்லை. டொமிஷியனின் ஆட்சியில் 93-இல் நடந்ததைப் பேசாமல் எப்படி? ஹெரென்னியஸ் செனெசியோ, அருலேனஸ் ரஸ்டிகஸ், ஹெல்விடியஸ் மூவரும் கொல்லப்பட்டார்கள். செய்த குற்றம்? செனெசியோவும் ரஸ்டிகஸும் பழைய எதிர்ப்பாளர்களைப் புகழ்ந்து வரலாறு எழுதியது. ஹெல்விடியஸ் பேரரசரின் மணமுறிவைக் குத்திக்காட்டி நாடகம் எழுதியதாகக் குற்றச்சாட்டு. ரஸ்டிகஸின் சகோதரர் மௌரிகஸும் மூன்று பெண்களும் நாடுகடத்தப்பட்டார்கள். ஏழு பேரும் என் நண்பர்கள், என்னைச் சுற்றி இடி விழுந்ததுபோல் இருந்தது என்று பிளினி பின்னால் எழுதுகிறார்.

ஆனால் அதே காலத்தில் அவர் பதவியில் ஏறிக்கொண்டிருந்தார். அவருடைய பதவிகளைப் பட்டியலிடும் கல்வெட்டு, அவர் படைக்கருவூலத்தின் பொறுப்பில் இருந்ததைச் சொல்கிறது. பல ஆய்வாளர்கள் அதை டொமிஷியனின் கடைசி ஆண்டுகளில் வைக்கிறார்கள். கடிதங்களிலோ அந்தப் பதவி பற்றி ஒரு வார்த்தை இல்லை. டிராஜனைப் புகழ்ந்த உரையில், அந்தக் கொடியவன் நல்லவர்கள்மீது வெறுப்பைக் காட்டத் தொடங்கியதும் நான் என் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டேன் என்கிறார். எனக்கு இது உறுத்துகிறது.

திராசியா பீட்டஸ் என்ற செனட்டர் என்ன செய்தார்? 59-இல் நீரோ தன் தாயைக் கொன்றதற்கு மன்றம் வாழ்த்துத் தீர்மானம் போட்டபோது ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வெளியே போனார். சில ஆண்டுகள் கழித்து மன்றத்துக்கு வருவதையே நிறுத்தினார். கடைசியில் 66-இல் உயிரைக் கொடுத்தார். செனட்டர் என்றால் அவரல்லவா!

---

ஏட்டுப்புழு எழுதியது:

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, அந்த இடத்தில் நானும் நின்று யோசித்தேன். ஆனால் பிளினி பக்கமும் சில விஷயங்கள் இருக்கின்றன. தத்துவவாதிகளை நகரத்தை விட்டு விரட்டியபோது அவர் பிரீட்டர். ஆபத்து என்று தெரிந்தும் ஊருக்கு வெளியே ஆர்டெமிடோரஸ் என்ற தத்துவவாதியைப் போய்ப் பார்த்தார். வசதியான நண்பர்கள் தயங்கி நின்றபோது, தானே கடன் வாங்கி அவருக்கு வட்டியில்லாமல் பணம் கொடுத்தார். டொமிஷியன் இறந்த பிறகு அவன் மேசையில் தன்மீது எழுதப்பட்ட குற்றச்சாட்டுத் தாள் இருந்ததாகவும் சொல்கிறார்.

எல்லோரும் திராசியாவாக முடியாது. டாசிட்டஸும் டொமிஷியன் காலத்தில் பதவி வகித்தவர்தான். தன் மாமனார் அக்ரிகோலாவைப் பற்றி எழுதும்போது, கெட்ட பேரரசர்களின் கீழும் நல்ல மனிதர்கள் இருக்க முடியும் என்று அவர் வாதாடுவது தனக்காகவும்தான் என்று நினைக்கிறேன்.

அந்த ஆண்டுகளில் மன்றம் எப்படி இருந்தது என்று பிளினி சொல்வதைக் கவனியுங்கள். இளைஞனாக நாங்கள் அங்கே பழகப் போனபோது அது நடுங்கிக்கொண்டிருந்த, நாக்கில்லாத மன்றம். நினைத்ததைச் சொன்னால் ஆபத்து, நினைக்காததைச் சொல்வது அவமானம். ஒன்றும் செய்யாமல் இருக்கக் கூப்பிடுவார்கள், அல்லது பெரும் கொடுமை செய்யக் கூப்பிடுவார்கள். மன்ற நடைமுறையைப் பெரியவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வழக்கமே அறுந்துபோனது என்பதுதான் அவருடைய ஆதங்கம். நடு வயதில் விதிமுறைச் சந்தேகத்தை வழக்கறிஞர் நண்பருக்கு எழுதிக் கேட்கிறார். ஒரு தலைமுறையே தொழிலை மறந்துவிட்டது.

---

தணிக்கையாளர் எழுதியது:

மன்றம் முழுக்கச் சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. 100 ஜனவரியில் ஆப்பிரிக்க மாகாண ஆளுநர் மாரியஸ் பிரிஸ்கஸ் மீதான வழக்கு. லஞ்சம் வாங்கிக்கொண்டு குற்றமற்றவர்களைத் தண்டித்தவர். 3 லட்சத்துக்கு ஒரு குதிரைவீரரை நாடுகடத்தி அவர் நண்பர்கள் ஏழு பேரைக் கொன்றார். 7 லட்சத்துக்கு இன்னொரு குதிரைவீரரை அடித்து, சுரங்கத்துக்கு அனுப்பி, கடைசியில் சிறையில் கழுத்தை நெரித்தார். மாகாணத்து மக்கள் தரப்பில் வாதாடியவர்கள் பிளினியும் டாசிட்டஸும். தலைமை வகித்தவர் டிராஜன், அந்த ஆண்டின் கான்சலாக.

நீர்க்கடிகாரம் வைத்து நேரம் அளந்தார்கள். பிளினி ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பேசினார். உடல் தாங்காதே என்று கவலைப்பட்ட டிராஜன், குரலையும் நெஞ்சையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி, பின்னால் நின்ற ஆளிடம் பலமுறை சொல்லி அனுப்பினார். தீர்ப்பு: 7 லட்சத்தைக் கருவூலத்தில் கட்ட வேண்டும், ரோமையும் இத்தாலியையும் விட்டு வெளியேற வேண்டும். செத்தவர்களை நினைத்தால் தண்டனை குறைவுதான்.

---

கரிசல்காட்டான் எழுதியது:

அடிமைகளைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லையே. காலையில் ஜன்னலைத் திறக்காமல் இருட்டில் படுத்துக்கொண்டே யோசித்து, பிறகு எழுத்தரைக் கூப்பிட்டு, யோசித்ததைச் சொல்லி எழுதவைப்பார் என்று படித்தேன். அந்த எழுத்தர் யார்? சாப்பிடும்போது புத்தகம் வாசித்துக் காட்டியவர் யார்?

---

நிலாமுற்றம் எழுதியது:

அண்ணா சரியாகக் கேட்டார். இதைச் சொல்லத்தான் நான் உள்ளே வந்தேன்.

பிளினி தன் அடிமைகளிடம் அன்பாக இருந்தார் என்பது உண்மை. சோசிமஸ் என்ற விடுதலை பெற்ற அடிமைக்கு ரத்தம் கக்கும் நோய். முதலில் எகிப்துக்கு அனுப்பினார். திரும்ப வந்ததும் நோய் மறுபடி தலைகாட்ட, பாலும் காற்றும் நல்லது என்று கால் நாட்டில் ஒரு நண்பரின் பண்ணைக்கு அனுப்பினார். தன் அடிமைகள் எழுதும் உயிலை, சட்டத்தில் செல்லாது என்றாலும், வீட்டுக்குள் சட்டமாகவே மதித்தார். என் நிலங்களில் எங்கும் விலங்கிட்ட அடிமைகள் இல்லை என்று எழுதியவர்.

ஆனால் அதே கைதான் லார்சியஸ் மாசிடோவின் கதையையும் எழுதுகிறது. பிரீட்டர் பதவி வகித்தவர், கொடூரமான எஜமான். தன் தந்தையே அடிமையாக இருந்தவர் என்பதை மறந்தவர். ஃபார்மியேயில் குளித்துக்கொண்டிருந்தபோது அடிமைகள் சூழ்ந்து அடித்து, உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் கொதிக்கும் தரையில் தூக்கிப் போட்டார்கள். சில நாட்கள் உயிரோடு இருந்து, பழிவாங்கப்பட்டதைப் பார்த்த ஆறுதலோடு செத்தார் என்கிறார் பிளினி. அன்பாக இருந்தாலும் எந்த எஜமானுக்கும் பாதுகாப்பில்லை என்பதுதான் அவர் எடுத்துக்கொள்ளும் பாடம். அந்த அடிமைகளுக்காக அவர் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

61-இல் நகரத் தலைவர் பெடானியஸ் செகுண்டஸை ஓர் அடிமை கொன்றபோது வீட்டிலிருந்த 400 அடிமைகளையும் கொல்ல வேண்டும் என்று செனட் முடிவெடுத்தது. பெண்கள், குழந்தைகள் உட்பட. தெருவில் மக்கள் கல்லும் தீப்பந்தமும் எடுத்துத் தடுக்க வந்தார்கள். நீரோ வழிநெடுகப் படையை நிறுத்தி நிறைவேற்றினான். கிட்டத்தட்ட பிளினி பிறந்த காலம். 105-இல் கான்சல் ஆஃப்ரானியஸ் டெக்ஸ்டர் இறந்து கிடந்தபோது, விடுதலை பெற்ற அவர் ஆட்களை என்ன செய்வது என்ற விவாதத்தில் பிளினி விடுவிக்கச் சொன்னார். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அந்த நீண்ட கடிதத்தில் அவருக்கு ஆர்வம் இருப்பது வாக்கை இரண்டாகப் பிரிப்பதா மூன்றாகப் பிரிப்பதா என்பதில்தான். இதை என்னால் கடந்துபோக முடியவில்லை.

---

ஏட்டுப்புழு எழுதியது:

நிலாமுற்றம், இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. கடற்கரை வீட்டை வர்ணிக்கும் கடிதத்தில் (ரோமிலிருந்து 17 மைல், அன்றைய வேலையை முடித்துவிட்டுப் போய்ச் சேரலாம்), சத்தம் எட்டாத ஒரு தனியறையைப் பெருமையாகச் சொல்வார். சாட்டர்னேலியாத் திருநாளில் வீட்டு ஆட்கள் கூச்சலிட்டுக் கொண்டாடும்போது தான் அங்கே போய்விடுவதாகவும், அதனால் அவர்கள் மகிழ்ச்சிக்கும் தன் படிப்புக்கும் இடையூறு இல்லை என்றும் எழுதுவார். நல்ல மனதோடு எழுதியதுதான். நீங்கள் சொன்னதோடு சேர்த்துப் படிக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது.

---

மிளகுக்கொடி எழுதியது:

தாமதமாக வருகிறேன், நம் பக்கத் தொடர்பை யாரும் தொடவில்லை என்பதால் ஒரு சிறு குறிப்பு. பிளினியின் தாய்மாமன்தான் ஆண்டுதோறும் இந்தியா 5 கோடி செஸ்டர்ஸ் உறிஞ்சிக்கொள்கிறது என்று எழுதியவர். முசிறித் துறைமுகத்தைக் குறிப்பிடுகிறார். கருமிளகு ஒரு ராத்தல் 4 தெனாரியஸ் (ரோம வெள்ளிக்காசு) என்று விலையும் தருகிறார். செனட்டர்களின் விருந்து மேசையில்தான் அந்த மிளகு முடிந்தது. 22-இல் ஆடம்பரத்துக்குத் தடை போடலாமா என்ற பேச்சு எழுந்தபோது, பெண்களின் ரத்தினங்களுக்காக நம் பணம் அந்நியர் கைக்குப் போகிறது என்று வருந்தியும், சட்டத்தால் திருத்த முடியாது என்று டைபீரியஸ் மன்றத்துக்குக் கடிதம் எழுதினார். கொங்குப் பகுதியில் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் முகங்களே அதிகம். ஒரு காசை அருங்காட்சியகத்தில் பார்த்தபோது இந்த விவாதமெல்லாம் எனக்கு நம் வீட்டு விவாதம் ஆகிவிட்டது.

---

வைகைக்கரை எழுதியது:

இவ்வளவு படித்த பிறகு என் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். அதிகாரம் இல்லை என்று பிளினிக்கே தெரியுமா, தெரியாதா?

---

ஏட்டுப்புழு எழுதியது:

நன்றாகத் தெரியும். ஒரு கடிதத்தில் வெளிப்படையாகவே எழுதுகிறார்: எல்லாம் இப்போது ஒருவருடைய தீர்மானத்தில் இருக்கிறது, பொதுநலத்துக்காக எல்லோருடைய கவலையையும் அவர் ஒருவரே சுமக்கிறார், ஆனாலும் அந்த ஊற்றிலிருந்து சில வாய்க்கால்கள் நம் பக்கமும் ஓடிவருகின்றன.

என் கேள்விக்கு அதுதான் பதில் என்று நினைக்கிறேன். அந்த வாய்க்காலில் வந்த தண்ணீரைத் தனக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பாய்ச்சுவதே அவர் வாழ்க்கை. ஊர் நண்பன் ஒருவனைக் குதிரைவீரர் வகுப்புக்கு உயர்த்த 3 லட்சம் கொடுத்தார். வளர்த்த தாதிக்கு ஒரு சிறு பண்ணை. வரலாற்றாசிரியர் சூட்டோனியஸுக்குச் சலுகை கேட்டு டிராஜனுக்கு மனு. கோமுமில் ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் மிலானுக்குப் போய்ப் படிப்பதை அறிந்ததும், சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தான் தருவதாகச் சொன்னார். முழுவதும் ஏன் தரவில்லை? பெற்றோரும் பணம் போட்டால்தான் நல்ல ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதில் அக்கறை காட்டுவார்கள் என்று. ஊருக்கு ஒரு நூலகம் கட்டினார். உயிலில் குளியல் மாளிகைக்குப் பணம், தான் விடுவித்த 100 பேரின் பராமரிப்புக்கு 18,66,666 செஸ்டர்ஸ். இந்த எண் கல்வெட்டிலேயே இருக்கிறது.

---

நிலாமுற்றம் எழுதியது:

பிளினியின் மனைவி கல்பூர்னியாவைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அவரைவிட மிக இளையவள். அவர் வழக்காடும் நாளில் தீர்ப்பு என்ன, கைதட்டல் எப்படி என்று வந்து சொல்ல ஆள் நிறுத்துவாள். அவர் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டும்போது திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பாள். அவர் கவிதைகளுக்குத் தானே மெட்டமைத்து யாழ் மீட்டிப் பாடுவாள். அவள் ஊரில் இல்லாத நாட்களில், வழக்கமாகப் பார்க்கும் நேரத்தில் கால்கள் தாமாகவே அவள் அறைக்குப் போகின்றன, வாசலில் நுழைய விடாத காதலன்போலத் திரும்பி வருகிறேன் என்று எழுதினார். ஒருமுறை கரு கலைந்தது. சிறு பெண், கருவுற்றதே தெரியாமல் இருந்துவிட்டாள் என்று அவளுடைய தாத்தாவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை. மூன்று பிள்ளை பெற்றவர்களுக்கான சட்டச் சலுகையை டிராஜன் அவருக்குத் தனியாக அளித்திருந்தார்.

110-ஐ ஒட்டி பிளினி பித்தீனியா-பொந்தஸ் மாகாணத்துக்கு (இன்றைய துருக்கியின் வடபகுதி) ஆளுநராகப் போனபோது அவளும் உடன் போனாள். அங்கிருந்து பல விஷயங்களையும் பேரரசரிடம் கேட்டுக்கேட்டுத்தான் செய்வார். அங்குள்ள நிக்கோமீடியா நகரில் 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு அமைக்கலாமா என்று கேட்டார். கூடாது, குழு என்று கூடினால் அரசியல் சங்கமாகிவிடும் என்று பதில் வந்தது. அப்படிப்பட்டவர் ஒரு தடவை முன்கூட்டிக் கேட்காமல் ஒன்று செய்தார். கல்பூர்னியாவின் தாத்தா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. அவள் அத்தையிடம் ஓட வேண்டும் என்றாள். அரசு அஞ்சல் வண்டிகளில் போவதற்கான அனுமதிச் சீட்டு அரசு வேலைக்கு மட்டும்தான். அவர் அதை அவளுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு, பிறகு டிராஜனுக்கு எழுதினார்: காத்திருந்தால் பயனில்லாமல் போயிருக்கும், உங்கள் அன்பை நம்பிச் செய்தேன். நம்பியது சரிதான் என்று டிராஜன் பதில் எழுதினார்.

தொகுப்பின் கடைசிக் கடிதங்கள் இவை இரண்டும்தான். அவர் அந்த மாகாணத்திலேயே இறந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். கல்பூர்னியா எப்போது அத்தை வீடு போய்ச் சேர்ந்தாள் என்று எந்தக் கடிதமும் சொல்லவில்லை.